வீட்டுக்காகப் பிறந்து எக்லிப்ஸுக்குள் குடியேறிய கதை

ஜாவா ஆய்வகத்தில் நாம் திறக்கும் எக்லிப்ஸ் இருக்கிறதே, அதன் பிளக்-இன்களைத் தாங்கும் அடித்தளம் முதலில் வீடுகளுக்காக யோசிக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா?

1999-ல் சன், ஐபிஎம், எரிக்சன் உள்ளிட்ட நிறுவனங்கள் ஓஎஸ்ஜிஐ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இணையம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன சர்வர். விளக்கு, மின் மீட்டர், திருட்டு அலாரம் எல்லாம் அதோடு பேசும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் நிரல் எழுதுபவர் வேறு ஆள். மீட்டர் நிரலைப் புதுப்பிக்கப் பெட்டியை அணைத்தால் அலாரமும் தூங்கிவிடும். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள், தாத்தாவா? அதனால் ஒவ்வொரு நிரலையும் 'பண்டில்' என்ற தனிப் பொட்டலமாக்கினார்கள். தனக்கு எந்தெந்த நிரல்கள் வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொலைவிலிருந்தே, ஒன்றை மட்டும் நிறுத்தலாம், மாற்றலாம், நீக்கலாம். முதல் வரையறை 2000-ல் வந்தது.

வீடுகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 2004-ல் வந்த எக்லிப்ஸ் 3.0 இதையே அடித்தளமாக்கிக்கொண்டது. (அப்படியும் பிளக்-இன் போட்டால் ரீஸ்டார்ட் கேட்கிறது, அது தனிக் கடுப்பு!) 2010-ல் காய் க்ரொய்ட்சர் தொடங்கிய ஓப்பன்ஹாப், எக்லிப்ஸின் அந்த ஓஎஸ்ஜிஐ பகுதியை எடுத்து மறுபடி வீட்டு விளக்குகளுக்கே கொண்டுவந்தது. 2020-ல் ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பு தன் பணிகளை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடமே ஒப்படைப்பதாக அறிவித்தது.