வேதியியல் ஆசிரியரின் படைப்பாக்கச் சிந்தனை

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் வேதியியல் கற்பிப்பவர், ஒரே கருத்தை விளக்கப் பல வழிகளைக் கண்டு, மாணவரின் ஐயத்துக்குப் பொருந்தும் வழியைத் தேர்ந்தெடுக்கும் திறன். படைப்பாக்கம் குறித்த ஆய்வுக்கு, அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டு 1950இல் ஆற்றிய உரை வித்திட்டது. உளவியலாளர் டாரன்ஸ் 1966இல் வெளியிட்ட சோதனைகள் சரளம், நெகிழ்வு, புதுமை, விரிவாக்கம் ஆகியவற்றை அளந்தன. இவை பொதுத்திறனை அளப்பவை. வேதியியல் வகுப்பில் எழும் தேவையோ தனி.

அந்தத் தேவையைத் தெளிவாகச் சொன்னவர் ஸ்காட்லாந்தின் வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன். வேதியியல் மூன்று தளங்களில் இயங்குகிறது: கண்ணால் காண்பது, காண முடியாத துகள்கள், குறியீடுகள். ஆசிரியருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரியும், மாணவருக்கு அப்படியல்ல. இந்த இடைவெளியில்தான் ஆசிரியரின் கற்பனைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

சாதாரண உப்பையே எடுத்துக்கொள்ளலாம். நீரில் போட்டதும் உப்பு மறைந்துவிட்டதாக மாணவர் நினைத்தால், கரைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டலாம், எடை குறையாது. கரைசலைச் சுண்டவைத்து உப்பைத் திரும்ப எடுக்கலாம். மின்கல அடுக்கும் சிறு எல்.இ.டி. விளக்கும் இணைத்துப் பார்த்தால் உப்புக் கரைசலில் விளக்கு எரியும், சர்க்கரைக் கரைசலில் எரியாது. முதல் இரண்டும் உப்பு எங்கும் போய்விடவில்லை என்று காட்டுகின்றன. மூன்றாவது, அது அயனிகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டுகிறது. எந்த ஐயத்துக்கு எதைக் காட்டுவது என்று அறிவதே நெகிழ்வு.

உவமைகளில் கவனம் தேவை. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது என்ற கதை எளிதில் மனத்தில் பதியும். ஆனால் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின்தான் துணை என்ற எண்ணத்தையும் அது விட்டுச் செல்லும். உப்புப் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் அதற்கு எதிரான மின்சுமையுள்ள ஆறு அயனிகள் சூழ்ந்துள்ளன. உவமை எங்கே உடைகிறது என்று மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லும் ஆசிரியர் அதை நன்றாகப் பயன்படுத்துகிறார்.

கற்பிக்கும் சிக்கலிலிருந்து புதிய அறிவே பிறந்ததும் உண்டு. மெண்டலீவ் 1869இல் தனிம அட்டவணையை வகுத்தபோது மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

ஆய்வகக் கருவிகள் இல்லாத பள்ளியில் மஞ்சள்தூள் தடவிய தாள் நிறங்காட்டியாகும். காரத்தில் அது செம்பழுப்பாகும். அமிலத்தையும் தூய நீரையும் பிரித்துக் காட்டாது. அதற்குச் செம்பருத்திச் சாறு உதவும். புதிய செய்முறை எதையும் ஆசிரியர் முதலில் தாமே செய்து பார்த்துவிட வேண்டும். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிதுசிறிதாகச் சேர்க்க வேண்டும் என்பது போன்ற விதிகளில் புதுமைக்கு இடமில்லை.