பெயரோடு நிற்கும் அறிவு: நிறுவனங்களில் அறிவுப் பகிர்வுக் கருவிகளும் பங்களிப்பவரின் உரிமையும்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், 1980களில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளர்களுடன் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குச் சென்று அவர்கள் வேலையைக் கவனித்தார். ஒவ்வொரு பிழைக்குறியீட்டுக்கும் செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்லும் கையேடு அவர்களிடம் இருந்தது. அதைப் பின்பற்றினால் பழுது தீரும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. ஆனால், கடினமான பழுதுகளில் கையேடு கைகொடுக்கவில்லை. அவர் பதிவுசெய்த ஒரு நிகழ்வில், இயந்திரம் காட்டிய குறியீடு ஓரிடத்தைச் சுட்டியது. சோதனை முடிவுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. பணியாளரும் அவருக்கு உதவ வந்த வல்லுநரும் காலைப்பொழுது முழுவதும் முன்பு பார்த்த பழுதுகளை ஒருவருக்கொருவர் கதைகளாகச் சொல்லிக்கொண்டே இயந்திரத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஒரு டஜன் கதைகளுக்குப் பிறகு பழுதின் காரணம் பிடிபட்டது.

இந்த ஆய்வைப் பற்றிய ஜூலியன் ஓரின் நூல் 1996இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1991இல், ஜான் சீலி பிரௌனும் பால் டுகிடும் தங்கள் கட்டுரை வழியே இந்தக் கண்டறிதலை மேலாண்மை ஆய்வாளர்களிடம் கொண்டுசேர்த்திருந்தார்கள். பணியாளர்களின் கூடிப்பேசும் வழக்கத்தை நிர்வாகம் நேர விரயமாகக் கருதலாம். உண்மையில் அறிவு உருவாவதும் கைமாறுவதும் அந்தப் பேச்சில்தான். அப்படியானால் கணினிக் கருவி அந்தப் பேச்சுக்கு எப்படித் துணை நிற்கும்? பகிர்வுக் கருவிகள் பெரும்பாலும் தேடல் வசதியாலோ திரை வடிவமைப்பாலோ தோற்பதில்லை என்பது என் வாதம். எழுதுபவருக்குத் தன் எழுத்தின்மேல் உள்ள உரிமை என்ன, அதை மதிப்பிடுபவர் யார் என்ற இரண்டு கேள்விகளிலேயே அவற்றின் வாழ்வும் சாவும் தங்கியிருக்கின்றன.

இதற்கு வலுவான சான்று அதே ஜெராக்ஸில் உருவான யுரேகா என்ற பகிர்வுக் கருவி. டேனியல் பாப்ரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதலில் செய்ய முயன்றது வேறு. இயந்திரத்தின் அமைப்பைக் கணினிக்குள் வடித்து, பழுதைத் தானே கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை அவர்கள் உருவாக்கினார்கள். அதைப் பார்த்த பணியாளர்கள் வியந்தார்கள். ஆனால் தங்கள் வேலைக்குப் பெரிதாக உதவாது என்றும் சொல்லிவிட்டார்கள். வடிவமைப்பாளர் முன்கூட்டியே எண்ணிய பழுதுகள் கையேட்டிலேயே இருந்தன. அவர்களைத் திணறடித்தவை, பாகங்கள் பழசாவதாலும் இயந்திரம் நிற்கும் சூழலாலும் பயன்படுத்தும் முறையாலும் எழுந்த, யாரும் எதிர்பாராத பழுதுகள். அவற்றுக்கான தீர்வுகள் பணியாளர்களின் சொந்தக் குறிப்பேடுகளிலும் பேச்சிலுமே கிடந்தன. ஆய்வாளர்கள் தங்கள் மென்பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் குறிப்புகளைப் பரிமாறும் வழியைத் தேடினார்கள். நன்றாக இயங்கிய ஒன்றை, களத்தின் சொல்லைக் கேட்டுக் கைவிட்ட அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

1990களில் பிரான்சில், மினிடெல் என்ற அந்நாட்டுத் தகவல் வலையமைப்பின் துணையோடு யுரேகா தொடங்கியது. பின்னர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. பணியாளர் தாம் கண்ட தீர்வைச் சிறு குறிப்பாக அனுப்புவார். அதைத் தொழில் தெரிந்த சக வல்லுநர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். தேறிய பின்னரே அது தரவுத்தளத்தில் ஏறும். எழுதியவர் பெயர் குறிப்போடு கூடவே நிற்கும். பங்களிப்போருக்குப் பணம் தரலாம் என்ற யோசனை எழுந்தபோது பணியாளர்கள் அதை விரும்பவில்லை. பெயர் போதும் என்றார்கள். பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள். பெயர் நின்றால், தன்னைத் தெரிந்த சகாக்கள் படிப்பார்கள் என்பதால் பொறுப்போடு எழுதுவார்கள். நற்பெயரைத் தரும் அதே ஏற்பாடு தரத்தையும் காத்தது. இந்த இரட்டைப் பயனை எந்த மென்பொருள் வசதியும் தனியாகத் தந்துவிட முடியாது.

வான்டா ஓர்லிகோவ்ஸ்கி 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரான காட்சியைத் தருகிறது. ஆல்ஃபா என்று புனைபெயரிட்டு அவர் விவரிக்கும் பெரிய ஆலோசனை நிறுவனம், தகவல் பகிர்வுக்கான லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளை எல்லோருக்கும் வாங்கித் தந்தது. ஆலோசகர்களின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏதேனும் ஒரு வாடிக்கையாளர் கணக்கில் கட்டணம் எழுதியாக வேண்டும். புதிய கருவியைக் கற்கும் நேரத்தை எழுத எந்தக் கணக்கும் இல்லை. பதவி உயர்வுப் போட்டியில் தனக்கு மட்டும் தெரிந்த விஷயமே முதலீடு. அதைப் பொதுவில் வைப்பவர் தன் இடத்தையே இழக்கக்கூடும். அந்தப் போட்டிக்கு வெளியே இருந்த தொழில்நுட்பப் பிரிவினரோ அதே மென்பொருளில் தாராளமாகப் பகிர்ந்தார்கள். கருவி ஒன்றுதான், வேலையின் விதிகள் வேறு.

பணத்தின் விளைவைக் காண இன்ஃபோசிஸ் நிறுவனத்தைப் பார்க்கலாம். ரகு கருடும் அருண் குமாரசுவாமியும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிவுப் பங்களிப்புக்குப் புள்ளிகளும் அவற்றுக்கு ஈடான பரிசுகளும் தரும் திட்டம் அங்கே வந்ததும் பங்களிப்புகள் பெருகின. மதிப்பிடுவோர் திணறினார்கள், தரம் பற்றிய கவலை எழுந்தது. நிறுவனம் திட்டத்தைத் திருத்தி, பங்களிப்பு பயன்பட்டதா என்பதற்கும் அங்கீகாரத்துக்கும் கூடுதல் எடை கொடுத்தது. திருத்தத் துணிந்தது பாராட்டத்தக்கது.

யுரேகா ஒரு விதிவிலக்கு என்று மறுப்போர் உண்டு. பழுதுபார்ப்பவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை. இயந்திரம் ஓடியதா இல்லையா என்று தீர்வை உடனே சோதிக்கவும் முடியும். சட்ட ஆலோசனையிலோ திட்ட மேலாண்மையிலோ அத்தகைய தெளிவு இல்லை. இதில் பாதியை நான் ஏற்கிறேன். தெளிவான சோதனை இல்லாத துறையில் சகாக்களின் மதிப்பீடு மெதுவாகும், சர்ச்சைக்கும் உள்ளாகும். ஆனால் போட்டி இயற்கையாக அமைந்த ஒன்றல்ல. நிறுவனம் எழுதிய ஊதிய விதிகளின் விளைவு அது, மாற்றக்கூடியது. பெயரிலும் ஓர் ஆபத்து உண்டு. குறிப்புகளின் எண்ணிக்கையை மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்த மறுநாளே பெயர் கண்காணிப்புக் கருவியாகிவிடும். அந்த எண்ணிக்கை மதிப்பீட்டுப் படிவத்துக்குள் நுழையக் கூடாது.

இந்த விவாதம் இப்போது அவசரமாகிவிட்டது. நிறுவனத்தின் மின்னஞ்சல்களையும் உரையாடல்களையும் ஆவணங்களையும் படித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அலுவலகங்களுக்குள் வந்துவிட்டன. யாரும் மெனக்கெட்டு எழுத வேண்டியதில்லை என்பதே அவற்றின் கவர்ச்சி. ஆனால் பல மூலங்கள் கலந்து வரும் பதிலில் சொன்னவர் மறைந்துவிடலாம். அப்போது எந்தச் சகாவும் அதைச் சோதித்துப் பொறுப்பேற்றிருக்க மாட்டார், தவறென்று கண்டவர் யாரிடம் சொல்வது என்பதும் தெரியாது. இத்தகைய கருவியை வாங்கும் நிறுவனங்கள் மூன்று வசதிகளை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்: ஒவ்வொரு பதிலும் தன் மூலக் குறிப்பின் ஆசிரியரையும் தேதியையும் காட்ட வேண்டும்; படிப்பவர் அந்த ஆசிரியருக்கு நேரடியாக மறுப்பு எழுத வழி இருக்க வேண்டும்; காலாவதியான குறிப்பை நீக்கும் அதிகாரம் அந்த வேலையைச் செய்வோரின் கையில் இருக்க வேண்டும், அதற்குச் செலவாகும் நேரம் அவர்கள் வேலைநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.