கிலோஹெர்ட்ஸ் கேட்ட லினக்ஸ்

லினக்ஸ் போடுவது கஷ்டம் என்ற பெயர் எப்படி வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது. பென்டிரைவைச் செருகி, நாலு முறை ‘அடுத்து’ அழுத்தினால் அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. திருச்சியில் கணினி சர்வீஸ் கடை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தக் கெட்ட பெயருக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பதும் இல்லை, கட்டளை அடிப்பதும் இல்லை. மானிட்டர்தான்.

ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தன் வேலையைப் பற்றி உலகுக்குச் சொன்னபோது, அவர் கையில் இருந்தது இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் மட்டும். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும், அவ்வளவுதான். ஜன்னல், ஐகான், மவுஸ் அம்பு எல்லாம் தனிக் கதை. அவற்றுக்கு அடிப்படையான எக்ஸ் விண்டோ, 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெரிய இயந்திரங்களுக்காகப் பிறந்தது. அதைச் சாதாரண பிசியில் ஓட வைக்க எக்ஸ்ஃப்ரீ86 என்ற தன்னார்வலர் குழு பாடுபட்டது. எங்கள் ஊருக்கு இதெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது பிசி குவெஸ்ட் இதழோடு இலவசமாகக் கிடைத்த சிடியில். இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் டயல்-அப் மோடத்தைப் பார்த்திராதவர்கள்.

சிடியிலிருந்து எல்லாம் ஏறிவிடும். கடைசியில் ஒரு கேள்வி வரும்: உங்கள் மானிட்டரின் கிடைமட்ட சிங்க் எத்தனை கிலோஹெர்ட்ஸ்? செங்குத்து ரெஃப்ரெஷ் எத்தனை ஹெர்ட்ஸ்? தவறான எண்ணைக் கொடுத்தால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். யாருக்குத் தெரியும் இந்த எண்? அசெம்பிள் செய்த கணினி. மானிட்டரோடு வந்த சின்னப் புத்தகம் தெர்மோகோலோடு சேர்ந்து என்றோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

கேள்வி நியாயமானதுதான். குழாய் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. 640க்கு 480 என்று நாம் சொல்லும் படத்தில் ஒரு கோட்டுக்கு உண்மையில் 800 புள்ளி நேரம் செலவாகிறது, கோடுகள் 525. கிராபிக்ஸ் கார்டு 25.175 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புள்ளிகளை அனுப்புகிறது. அதை 800ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31.5 கிலோஹெர்ட்ஸ் சிங்க், அதையும் 525ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ். 1024க்கு 768 வேண்டுமென்றால் 65 மெகாஹெர்ட்ஸ், கோட்டுக்கு 1344, மொத்தக் கோடு 806. சிங்க் 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். மலிவான பதினாலு அங்குல மானிட்டருக்கு அது எல்லைக்கோட்டில் நிற்கும் வேலை. விண்டோஸில் இந்தக் கணக்கை டிரைவர் சிடி போட்டுக்கொண்டது. இங்கே நாம்தான் மோட்லைன் என்ற ஒற்றை வரியில் இந்த எண்களை வரிசையாக எழுதி, கோப்பைச் சேமித்து, ஸ்டார்ட்எக்ஸ் என்று அடிக்க வேண்டும்.

எண் ஒத்துவராவிட்டால் படம் குறுக்காகக் கிழிந்து ஓடும். சில பழைய மானிட்டர்கள் கீச்சென்று கத்தும். கத்தின உடனே கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கி எக்ஸைக் கொல்ல வேண்டும். டிவி மெக்கானிக்கிடம் போய் ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிக்கொள்ளும் செலவை யார் தருவது?

கார்டு விஷயம் இன்னொரு கூத்து. எக்ஸ்ஃப்ரீ86இன் மூன்றாம் பதிப்புக் காலத்தில் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனித்தனி சர்வர் நிரல். எஸ்3க்கு ஒன்று, ஏடிஐ மாக்64க்கு ஒன்று, எதுவும் பொருந்தாவிட்டால் பதினாறு வண்ணத்தில் பிழைக்க ஒன்று. எது வேண்டும் என்று தெரிய கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, சிப் மேல் பொறித்ததைப் படிப்போம். ஹீட் சிங்க்கை ஒட்டி மறைத்திருந்தால் அதுவும் போச்சு. 1999இல் இன்டெல் ஐ810 சிப்செட் வந்தது. தனி கார்டு தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் அது கணினியின் ரேமிலிருந்தே படத்துக்கு இடம் கடன் வாங்கும். அதற்குக் கர்னலில் தனி மாட்யூல் வேண்டும். பழைய சிடியில் அது கிடையாது. ‘நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்’ என்று சொல்லிவிட்டு எக்ஸ் படுத்துவிடும். மானிட்டர் எதிரே உட்கார்ந்திருக்க, திரையே இல்லை என்று அந்தத் திரையிலேயே எழுதிக் காட்டும் துணிச்சல் வேறு எந்த மென்பொருளுக்கும் வந்ததில்லை.

இதையெல்லாம் தீர்த்தது எந்த லினக்ஸ் விநியோகமும் அல்ல என்பது என் கருத்து. உபுண்டு 2004 அக்டோபரில் வந்து தபாலில் இலவச சிடி அனுப்பியது, நல்ல காரியம். ஆனால் பாதி வேலையை மானிட்டர்கள்தாம் செய்தன. தன் அளவுகளைத் தானே சொல்லும் ஏற்பாட்டை 1994லேயே வெசா (VESA) என்ற தரநிர்ணய அமைப்பு வகுத்துவிட்டது. 128 பைட் தகவல், விஜிஏ கேபிளின் 12ஆம், 15ஆம் பின்கள் வழியாகக் கார்டுக்குப் போகும். மலிவு மானிட்டர்கள் வரை அது இறங்கி வந்த பிறகுதான் கிலோஹெர்ட்ஸ் கேள்வி மெல்ல ஒழிந்தது.

மீதிப் பாதி எக்ஸிலும் கர்னலுக்குள்ளும் நடந்தது. 2004இல் எக்ஸ்ஃப்ரீ86 தன் உரிமத்தை மாற்றியது. அது பிடிக்காத விநியோகங்கள் ஒட்டுமொத்தமாக, அதிலிருந்து பிரிந்த எக்ஸ்.ஆர்க் பக்கம் சாய்ந்தன. பிறகு அமைப்புக் கோப்பே தேவையில்லை என்ற நிலை வந்தது. 2009இல் வெளியான 2.6.29 கர்னலில், இன்டெல் சிப்களுக்குத் திரை அளவை அமைக்கும் பொறுப்பைக் கர்னலே எடுத்துக்கொண்டது. மற்றவையும் பின்னால் வந்தன.

கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா மட்டும் வெகுநாள் ஒத்துழைக்கவில்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தைப் பார்த்து நடுவிரல் காட்டியது வெறும் கோபம் இல்லை. ஆவணம் கொடுக்காமல் டிரைவர் எழுதச் சொன்னால் எவருக்கும் வரும் எரிச்சல். தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலை அது திறந்தது 2022 மே மாதத்தில்தான்.

இதற்கிடையே நம் ஊரில், சென்னை சிடாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தந்த கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போனது. என் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு நல்ல பொருள் வீணானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, மானிட்டர் 1024க்கு மேல் ஏற மறுத்தால், முதலில் விஜிஏ கேபிளைக் கழற்றி 12ஆம் பின் இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையே வரவில்லை என்றால் கணினி கிளம்பும்போது வரும் கிரப் பட்டியலில் ஆங்கில ‘ஈ’ (e) விசையை அழுத்தி, கர்னல் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து பூட் செய்யுங்கள். உள்ளே போய் சரியான டிரைவரைப் போட்டதும் அந்தச் சொல்லை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்கும், வீடியோ திணறும்.