பிடியரிசியும் பத்து வெள்ளியும்



பெர்ணம் ஆற்றோரத்தில் அமைந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். அதனைச் சுற்றிலும் தோட்டங்கள். அருகிலுள்ள ஜெண்டராட்டா 1906-ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கியது. இத்தகைய தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் கடனோடுதான் கரையிறங்கினார்கள். சஞ்சிக்கூலியாக வந்தவரின் கப்பல் செலவு அவர் கூலியிலேயே பிடிக்கப்பட்டது. அம்முறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நின்றது. ஆனால் கடைக்கணக்கும் கங்காணியின் முன்பணமும் நிற்கவில்லை. கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற கருத்தை வேதாகமத்தின் நீதிமொழிகளில் படிக்கிறோம். நம் முன்னோர் அதைப் பட்டறிந்தார்கள்.

அப்படியானால் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று பணத்தை எவ்வாறு ஆள வேண்டும்? இதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றிலேயே விடை உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் 1820 முதல் ஊழியம் செய்தவர் ரேனியஸ் ஐயர். அங்கே கிறிஸ்தவர்களான ஏழைகள் பலர் குடியிருந்த இடத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். நிலம் பிறருடையது, ஆகவே குடிசையும் பிறர் தயவில் நின்றது. இதற்குப் பரிகாரமாக 1830-இல் தருமச் சங்கம் ஏற்பட்டது. காணிக்கை திரட்டி நிலம் வாங்கி, துரத்தப்பட்டோரைக் குடியேற்றுவது அதன் நோக்கம்.

அதே மண்ணில், வெள்ளாளன்விளையில், 1874-இல் பிறந்தவர் அசரியா. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றவர்களில் அவர் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், உள்ளூர்ச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே அச்சங்கம் நடந்தது. 1912-இல் அவர் தோர்ணக்கலின் பேராயரானார். அங்கிருந்த விசுவாசிகளில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். காசில்லாத அந்தப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அதுவே சபைக்குக் காணிக்கையாயிற்று.

இந்தப் பிடியரிசியில் ஒரு கணக்கு இருக்கிறது. உண்டபின் மீந்ததை அவர்கள் கொடுக்கவில்லை; முதலில் எடுத்து வைத்தார்கள். மீந்ததைச் சேர்ப்போம் என்றிருந்தால் ஏழை வீட்டில் என்றுமே எதுவும் மீறாது. எகிப்தில் யோசேப்பும் விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில் ஐந்திலொரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கினான். பின்னர் வந்த பஞ்சத்தில் அதுவே சோறு போட்டது. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று கூலி குறைந்ததைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலாயாவிலும் இதே வழி பலன் தந்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமநிதி, சம்பளம் கைக்கு வருமுன்னே ஒரு பங்கைப் பிடித்து வைத்தது. பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. வேலையோடு லயத்து வீடும் போயிற்று; திருநெல்வேலியின் பழைய துன்பம் இங்கே மறுபடியும் நேர்ந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது பங்கு ஒன்று நூறு வெள்ளியாக இருந்தது. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்த முடிந்தது. அது எந்த ஒரு சமயத்துக்கும் உரியதன்று. எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவானது. அந்தச் சிறு தொகைகள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தொடங்கிப் பல தோட்டங்களை வாங்கின.

கடனில் இருப்பவன் காணிக்கை கொடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஏழை விதவை போட்ட இரண்டு காசும் அவளுடைய சொந்தக் காசு, இரவல் வாங்கியதன்று. உள்ளதிலிருந்து கொடுப்பதே காணிக்கை. கடன் வாங்கித் திருவிழாவும் விருந்தும் நடத்துவது பக்தியாகாது. பட்ட கடனைத் தீர்ப்பதும் கர்த்தருக்கு முன்பாக ஒரு கடமையே.

தாய்மார்களே, சம்பள நாளில் கடைக்குப் போகுமுன் ஒரு சிறு பங்கைப் பிரித்து வையுங்கள். அளவு சிறிதாயிருக்கட்டும், மாதம் தவறாதிருக்கட்டும். வேலை ஓய்ந்த நாளில் லயத்தை விட்டு இறங்கியவர்களுக்குப் போக ஒரு வீடு இருந்ததா, இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறு பழக்கமே தீர்மானித்தது.