பழநி அடிவாரத்துப் பழக்கடைகள்

ஞானப்பழம் கிட்டாத கோபத்தில் குமரன் வந்து நின்ற தலமென்று புராணம் புகழும் பழநியின் அடிவாரத்தில், கனி விற்போர் தலைமுறை தலைமுறையாகக் கடை விரித்திருப்பது மிகவும் பொருத்தமே. சாலைகள் அமையாத காலத்தில் தலைச்சுமையாகவும் பொதியாகவும் மலையிலிருந்து இறங்கிய விருப்பாட்சி, சிறுமலை வாழைப்பழங்களே இவ்வியாபாரத்தின் ஜீவநாடி. தோல் கறுத்துச் சுருங்கிய பின்னரே இப்பழத்தில் இனிப்பும் மெல்லிய புளிப்பும் பூரணமாகக் கூடும். ஆதலால், பளபளக்கும் சீப்பை நாடும் வெளியூர் பக்தரிடம், வாடிய சீப்பை எடுத்துக் காட்டி, “இதைக் கொண்டு போங்க சாமி” என்பார் அனுபவமுள்ள கடைக்காரர்.

நீர்ச்சத்துக் குறைந்த இப்பழத்தைச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் முதலியவற்றுடன் ஒரு துளி நீரும் சேர்க்காமல் பிசைவதனாலேயே பஞ்சாமிர்தம் பல நாள் கெடாதிருக்கிறது. 1928-இல் திண்டுக்கல் - பொள்ளாச்சி ரயில் பாதை திறக்கப்பட்டு யாத்திரிகர் பெருகப் பெருக, பழத்தின் தேவையும் பெருகிற்று. ஆயினும், சென்ற நூற்றாண்டில் அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோய் மலைத் தோட்டங்களைச் சூறையாடியது. அந்த நஷ்டம் இன்றுவரை முழுமையாக ஈடு செய்யப்படவில்லை என்பது மனத்தை வருத்துகிறது. 2019-இல் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரசாதத்துக்குக் கிடைத்த இந்தக் கௌரவத்தில் மலை விவசாயிக்கும் தெருவோர வியாபாரிக்கும் உரிய பங்குண்டு. அடிவாரம் செல்லும் அன்பர்கள், விலை சற்றுக் கூடினாலும், மலைப்பழத்தையே கேட்டு வாங்க வேண்டும்.