கீழ்ப்பாக்கம் கேஸும் நாலு வகை ஆட்களும்

நம்ம சினிமாவுல யாராவது கொஞ்சம் ஏறுக்குமாறா பேசினா போதும், "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு ஒரு வசனம் வந்துடும். ஒரு ஊர்ப்பேரே வசவாகிப் போச்சு. சரி, அங்கே வைத்தியம் பார்க்கிறவங்க யார் யாருன்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் "எல்லாம் மனநல டாக்டர்தானே?" என்பார்கள். இல்லைங்க. குறைஞ்சது நாலு வகை. நாலும் நாலு வேற இடத்திலிருந்து கிளம்பி வந்தவை.

முதல் ஆள் மனநல மருத்துவர், அதாவது சைக்யாட்ரிஸ்ட். இவர் வந்தது காப்பகத்திலிருந்து. சென்னையில் 1794-லேயே வாலன்டைன் கனோலி என்ற சர்ஜன் ஒரு காப்பகம் தொடங்கினார். அது 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அந்தக் காலக் காப்பகங்களில் வைத்தியத்தை விட அடைத்து வைப்பதுதான் அதிகம். 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் நிலைமை மாற ஆரம்பித்தது. இவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதுவது இவர் வேலை.

ரெண்டாவது, மருத்துவ உளவியலாளர். இவர் வந்தது ஆய்வுக்கூடத்திலிருந்து. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். அவரிடம் படித்த லைட்னர் விட்மர் 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தார். முதல் கேஸ் என்ன தெரியுமா? எழுத்துக்கூட்டி எழுத வராத ஒரு பையன்! பரிசோதிப்பது, பேசிப் பேசியே சிகிச்சை தருவது இவர் வேலை. பி.எச்டி. வாங்கி "டாக்டர்"னு போட்டுக்கொண்டாலும் இவர் எம்.பி.பி.எஸ். இல்லை. நம்ம ஊர்ல குழப்பமே இந்த இடத்துலதான் :-)

மூணாவது, மனநல சமூகப் பணியாளர். 1910-களில் பாஸ்டன் மனநோய் மருத்துவமனையில் மேரி ஜாரெட் இந்த வேலைக்கு வடிவம் கொடுத்தார். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனா, வீடு ஏத்துக்குமா, வேலை கிடைக்குமா? இதைக் கவனிக்கிறவர் இவர்.

நாலாவது, மனநல செவிலியர். 1882-இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனை இவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போயிடுவார். ராத்திரி முழுக்க கூட இருக்கிறது இவங்கதான்.

நம்ம நாட்டில் 1954-இல் பெங்களூரில் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம் (பின்னாளில் நிமான்ஸ்) மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் ஒரே வளாகத்தில் பயிற்சி தந்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961-இல் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பை ஆரம்பித்தார். மாத்திரை மட்டும் போதாது, மறுவாழ்வும் வேணும் என்பதுதான் அதன் அடிப்படை.

இதெல்லாம் இருந்தும் என்ன ஆச்சு? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்கா பக்கத்தில் உரிமம் இல்லாத ஒரு காப்பகத்தில் தீ. 28 பேர் செத்துப் போனார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியலை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். ஆனா யார்கிட்ட போகணும்னு அவங்களுக்கு யார் சொன்னா? சொல்லியிருந்தாலும் பக்கத்துல அப்படி ஒருத்தர் இருந்திருக்கணுமே.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மனநல வல்லுநர் யார் என்றும் வரையறுத்தது. நான் சொன்ன நாலு பேரோடு, சித்த மருத்துவத்தில் "சிறப்பு மருத்துவம்" முதுகலை படித்தவர்கள் போன்றோரும் அதில் உண்டு. வெறும் "கவுன்சலர்" என்ற போர்டு அதில் இல்லை. ஆலோசகர்களை 2021-இல் வந்த இன்னொரு சட்டம்தான் தன் பட்டியலில் சேர்த்தது.

அதனால வீட்டில் ஒருத்தருக்குக் காதில் குரல் கேட்குது, நாள்கணக்கா தூக்கம் இல்லைன்னா முதல்ல மனநல மருத்துவர். உயிரை மாய்ச்சுக்கிற பேச்சு வந்தா ஒரு நிமிஷம்கூட தள்ளிப்போடாம ஆஸ்பத்திரி. பயம், பழக்கம், துக்கம் பத்திப் பேசித் தீர்க்கணும்னா உளவியலாளர். யார்கிட்ட போனாலும் என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு பண்ணியிருக்கீங்கன்னு கேளுங்க. நல்லவங்க கோச்சுக்க மாட்டாங்க.