தரவரிசையும் இளநிலை மாணவரும்: மலாயாப் பல்கலைக்கழகம் தரும் பாடம்

பல்கலைக்கழகத் தேர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், தெப்ராவிலும் சரி, தலைநகரிலும் சரி, பெற்றோர் முதலில் வினவுவது தரவரிசை எண்ணையே. அவ்வெண் இளநிலை மாணவருக்கு எதனை உணர்த்துகிறது என்பதை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

2004இல் இலண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழ் முதன்முறையாக வெளியிட்ட உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடம் பெற்றது. மறு ஆண்டே 169ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டிற்குள் நூலகம் சுருங்கிற்றா? ஆசிரியர் கலைந்தனரா? இல்லை. முதலாண்டுக் கணக்கில், மலேசியக் குடிமக்களான சீன, இந்திய மாணவர்கள் வெளிநாட்டினராக எண்ணப்பட்டிருந்தனர். அப்பிழை திருத்தப்பட்டது சரிவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பிறந்த மண்ணில் நம் பிள்ளைகளை அயலாராக்கி உயர்ந்த இடம், அவர்கள் குடிமக்கள் என அறியப்பட்டதும் தாழ்ந்தது. வகுப்பறையில் கல்வி அவ்வாறே தொடர்ந்தது.

2005ஆம் ஆண்டுத் தரவரிசையின் மதிப்பெண் பகுப்பையும் நோக்குவோம். அறிஞர் கருத்துக்கு 40 விழுக்காடு; ஆய்வு மேற்கோள்களுக்கு 20; வேலை வழங்குவோர் கருத்துக்கு 10; அயல்நாட்டு ஆசிரியர், மாணவர் விகிதங்களுக்கு 10. ஆசிரியர் மாணவர் விகிதத்திற்குரிய 20 விழுக்காடே இளநிலை மாணவரை ஓரளவு நெருங்குவது. ஆய்வுப் பட்டம் நாடுவோருக்கு ஆய்வுப் புகழ் பயன்தரும். வேலைக்கான நேர்காணலில் பெயரும் சிறிது துணைபுரியும். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கற்பித்தலின் தரத்தை அவ்வெண் நேரடியாக அளக்கவில்லை.

அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியபோது உலகத் தரவரிசை என்பதே இல்லை. தமிழுக்கு அங்கே உரிய இடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார்; 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய மக்களும் பொருளளித்தனர். 1961இல் தனிநாயகம் அடிகள் அத்துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. துறையின் பெருமை ஆசிரியராலும் நூல்களாலும் மக்கள் பற்றாலும் விளைந்தது.

ஆகவே, மாணவர்களே, எண்ணைப் பார்த்த பின்னும் சில வினாக்களை எழுப்புங்கள். முதலாண்டு வகுப்பை நடத்துபவர் யார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? உங்கள் துறைக்குரிய நூல்கள் அங்குள்ளனவா? கட்டுரையைத் திருத்தித் தருவார் உளரா? மூன்று நான்கு ஆண்டுகள் நீங்கள் வாழப்போவது இவ்விடைகளுக்குள்ளேதான். ஆசிரியர்களே, இவ்வினாக்களைப் பள்ளியிலேயே கேட்கப் பழக்குவது நம் கடமை.